ஹார்ட் லென்ஸ் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், இங்கே குளிர்காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. 2022 குளிர்காலத்தில் என் இடது கண் கான்டாக்ட் லென்ஸ் தொலைந்து போனது. ஒரு லென்ஸ்தானே, புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். புது லென்ஸ் கண்ணில் சரியாக உட்கார்ந்தபோது இங்கே புரட்டாசி விரதமே தொடங்கிவிட்டது. நடுவில் 14,000 ராண்டுக்கு மேல் கைவிட்டுப் போயிற்று. சம்பளமில்லாத விடுப்பில் போனது தனிக்கணக்கு. அந்த மாதங்களில் இரவில் படுத்துக்கொண்டு, "இதையெல்லாம் முன்னாடியே யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா" என்று எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணைப் பற்றி. எனக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, முன்பக்கம் கூம்பாகத் துருத்திக்கொண்டு வரும் நோய். கல்லூரியில் படிக்கும்போது மதுரையில் கண்டுபிடித்தார்கள். மேடுபள்ளமான கருவிழி வழியாக வரும் வெளிச்சத்தைக் கண்ணாடியால் ஓரளவுக்கு மேல் சரிசெய்ய முடியாது. சாஃப்ட் லென்ஸும் சரிவராது. ஈரத்துணியைப் போட்ட மாதிரி அது கருவிழியின் மேடுபள்ளத்தோடு அப்படியே படிந்துவிடும். நான் போடும் ஹார்ட் லென்ஸின் பெயர் ஆர்ஜிபி, நம் ஊரில் செமி சாஃப்ட் என்பார்கள், அது விறைப்பானது. தன் வடிவத்தை விடாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே உள்ள இடத்தைக் கண்ணீர் நிரப்பிவிடுவதால் வெளிச்சத்துக்கு ஒரு சீரான பரப்பு கிடைக்கிறது. எனக்குக் கண்ணாடியோடு இடது கண்ணில் டாக்டர் காட்டும் எழுத்துப் பலகையின் இரண்டாவது வரி தெரியும். லென்ஸ் போட்டால் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படிப்பேன். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் "லென்ஸ் இல்லையென்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளேன்" என்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. கூம்பு வளர்ந்துகொண்டே போனால் ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் வைத்துச் செய்யும் கிராஸ்லிங்க்கிங் சிகிச்சையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். சின்ன வயதுக்காரர்கள் தள்ளிப்போட வேண்டாம். கண்ணைக் கசக்குவதையும் விட வேண்டும், அது இந்த நோய்க்கு எதிரி.

கல்யாணமாகி நான் வந்த ஊர் டோங்காட். டர்பனுக்கு வடக்கே, சுற்றிலும் கரும்புக்காடு. ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை ஆலை ஓடும், வெட்டுவதற்கு முன்னால் காட்டைக் கொளுத்துவார்கள். கொடியில் காயும் துணி, கார், திண்ணை எல்லாவற்றிலும் கருப்புச் சாம்பல் வந்து விழும். குளிர்காலத்தில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று என்று ஒரு சூடான வறண்ட காற்றும் வீசும். இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஹார்ட் லென்ஸ் போட்டவள் வெளியே போகக் கூடாது. நான் துணி எடுக்கப் போனேன். இடது கண்ணில் ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போய்விட்டது. ஹார்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு அந்த வலி தெரியும், ஊசியால் குத்தினால் எப்படியோ அப்படி. அத்தை வாசலிலிருந்து "கசக்காதேம்மா, கசக்காதே" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணிமை இறுக மூடியது, லென்ஸ் வெளியே தெறித்துவிட்டது. கீழே முழுக்கப் புல்.

லென்ஸ் காணோமென்றால் முதலில் தேட வேண்டிய இடம் கண்ணேதான். பாதி நேரம் அது வெள்ளைவிழிக்கு நகர்ந்தோ மேல் இமைக்கு அடியிலோ ஒளிந்திருக்கும், பின்னால் எங்கேயும் போக முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நான்கு திசையிலும் விழியை உருட்டுங்கள். கண்ணில் இல்லையென்றால் நின்ற இடத்தை விட்டு நகராமல் போட்டிருக்கும் துணியை உதறாமல் தடவிப் பாருங்கள். தரையில் தேட இருட்டியபின் டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்து ஓரமாக வெளிச்சம் அடித்தால் லென்ஸ் மினுங்கும். கிடைத்தால் நகத்தால் சுரண்ட வேண்டாம், விரல் நுனியை லென்ஸ் சொல்யூஷனில் நனைத்து ஒற்றி எடுங்கள். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் செய்தார், லோட்ஷெடிங் என்று இங்கே சொல்லும் மின்வெட்டு நேரத்தில் அக்கம்பக்கம் முழுக்க இருட்டாக இருந்தது உதவியாகக்கூட இருந்தது. லென்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. 8.7 மில்லிமீட்டர் அகலம், லேசான நீலம், பச்சைப் புல். எங்கே கிடைக்கும்?

மறுநாள் காலையிலிருந்துதான் உண்மையான கஷ்டம். எனக்கு லென்ஸ் செய்து கொடுத்த ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணை அளந்து கண்ணாடியும் லென்ஸும் தருபவர், கடையை மூடிவிட்டிருந்தார். போன் எடுக்கவில்லை, இருந்த இடத்தில் வேறு கடை. என் லென்ஸின் அளவு அவருடைய கோப்பில் இருந்தது, என்னிடம் இல்லை. மதுரையில் தம்பியை அனுப்பிப் பழைய சீட்டைப் போட்டோ எடுத்து வாங்கினேன். அது பத்து வருடத்துக்கு முந்தைய கருவிழிக்கான அளவு. என்னிடம் இருந்ததோ கண்ணாடிக்கான பவர் சீட்டு. அது இந்த விஷயத்தில் வெறும் காகிதம், அவ்வளவுதான். கண்ணாடி கண்ணிலிருந்து தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. கண்ணாடியில் மைனஸ் 10 என்றால் லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 9 தான் வரும். அதோடு ஆர்ஜிபிக்குப் பவர் மட்டும் போதாது. பின்பக்க வளைவு, அதைத்தான் பேஸ் கர்வ் என்கிறார்கள், மில்லிமீட்டரில் இரண்டு தசம இடம் வரை வேண்டும். குறுக்களவு வேண்டும். எந்த டிசைன், எந்தப் பொருள், விளிம்பு எவ்வளவு தூக்கல், என்ன நிறம் எல்லாம் வேண்டும். சாதாரணக் கண்ணிலேயே வளைவு 0.05 மில்லிமீட்டர் மாறினால் பவர் 0.25 அளவுக்கு மாறும். என்னுடையது போன்ற கூம்புக் கண்ணில் அதைவிட அதிகம்.

இந்த எண்களெல்லாம் லென்ஸ் வரும் குப்பியின் லேபிளில் அச்சடித்தே இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பு வந்த குப்பிகளைக் கடைக்காரப் பெண்ணே என் கண் முன்னால் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறாள். இப்போது நான் செய்வது, லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன், கூடவே கடைக்காரரின் கையெழுத்தோடு முழு அளவுச் சீட்டும் வாங்குகிறேன். லென்ஸ் செய்யும் லேபின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அது எவ்வளவு முக்கியம் என்று கீழே வரும்.

அடுத்து, அவசரத்தில் ஒரு மாலில் இருந்த பெரிய கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்லவர்தான், ஆனால் கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ் பொருத்தி அவருக்குப் பழக்கம் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஹார்ட் லென்ஸ் போட்டுப்போட்டுக் கருவிழி அதன் வடிவத்துக்கு அழுந்தியிருக்கும், அது பழைய நிலைக்குத் திரும்பிய பிறகுதான் அளவெடுக்க முடியும், அதனால் வலது கண் லென்ஸையும் கழற்றிவிட்டுச் சில வாரம் கழித்து வா என்றார். சொன்னதில் அறிவியல் சரிதான். ஆனால் அந்த வாரங்களில் நான் என்ன செய்வது? வேலை பக்கத்து ஊரான பலிட்டோவில், கணக்கு எழுதும் வேலை. கம்ப்யூட்டரில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கார் ஓட்டவும் வழியில்லை. இங்கே ஓட்டுநர் உரிமத்துக்கு இரண்டு கண்ணிலும் 6/12 வேண்டும் (நல்ல கண் 12 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்தாவது படிக்க வேண்டும்), ஒரு கண் அதற்குக் கீழே போனால் மற்றது 6/9 இருக்க வேண்டும். என் வலது கண் லென்ஸோடேயே 6/12 தான். ஆக, இடது லென்ஸ் தொலைந்த நாளிலிருந்தே சட்டப்படி நான் ஓட்டக் கூடாது. வலதையும் கழற்றியபின் அத்தையின் முகமே மங்கல். பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸியில் ஏறி, எந்த நிறுத்தம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு இறங்கினேன். அப்புறம் விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் காலியாக விட வேண்டியதில்லை, ஒரு கண்ணை ஓய்வில் விட்டு மற்றதில் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று பிறகு வேறொருவர் சொன்னார். தொலைந்தது இடது, அளவெடுக்க வேண்டியதும் இடது, வலது கண் என்ன பாவம் செய்தது? இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டால் போதும், உங்கள் வேலை தப்பிக்கும்.

அந்தக் கடையில் செய்து வந்த லென்ஸ் என் கூம்புக்குத் தட்டையாக இருந்தது. கண் சிமிட்டினால் நகர்ந்தது, ஓரத்தைப் பார்த்தால் வெளியே வந்து விழுந்தது. பழக்கமாகிவிடும் என்றார்கள். சாயங்காலத்துக்குள் கண் செக்கச்செவேல். திருப்பிக் கொடுக்கப் போனால், உங்களுக்கென்றே ஆர்டர் செய்து வந்தது, பணம் திரும்ப வராது என்றார்கள். பரிசோதனையும் லென்ஸும் சேர்த்து 5,100 ராண்ட். பார்க்கிங்கில் வீட்டுக்காரரின் பக்கியில் (பிக்கப் வண்டியில்) உட்கார்ந்து அழுதேன், வேறென்ன.

உண்மையில் உதவியது ஒரு கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த பெயர். கெரட்டோகோனஸ் லென்ஸ் மட்டுமே பெரும்பாலும் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் அக்கா ஒருத்தர், எங்கள் ஊரிலிருந்து தொலைவு. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, நேரில் போவதற்கு முன்னால் போனிலேயே கேளுங்கள்: கருவிழியின் மேடுபள்ளத்தைப் படம் எடுக்கும் டோப்போகிராஃபி கருவி இருக்கிறதா, கூம்புக் கண்ணுக்குப் போட்டுப் பார்க்கும் டிரையல் லென்ஸ் செட் கையில் இருக்கிறதா, லென்ஸ் சரியில்லை என்றால் லேப் எத்தனை தடவை, எத்தனை நாளுக்குள் இலவசமாக மாற்றித் தரும். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் போகலாம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் வந்தால் வேண்டாம்.

அந்த அக்கா டிரையல் லென்ஸைப் போட்டுவிட்டு ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார். லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்குமிடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் கருவிழியை அழுத்துமிடம் கருப்பாகத் தெரியும். முந்தைய கடை லென்ஸைப் போட்டு அதே சோதனையைச் செய்து போட்டோ எடுத்து எனக்குக் காட்டினார். கூம்பின் உச்சியில் பெரிய கருப்பு வட்டம். அது நாள் முழுக்க உரசினால் அங்கே தழும்பு விழும், தழும்பு விழுந்தால் எந்த லென்ஸாலும் முழுப் பார்வை வராது என்றார். பழக்கமாகிவிடும் என்று இன்னும் ஒரு மாதம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய கடை மூடிய கதையைச் சொன்னதும் அவர் செய்த முதல் வேலை, லேபுக்குப் போன் போட்டது. இங்கே இந்த மாதிரி லென்ஸ் செய்யும் லேப்கள் அதிகம் இல்லை. பழைய ஆப்டோமெட்ரிஸ்ட் பெயரையும் என் பெயரையும் சொன்னதும் லேபில் பழைய ஆர்டர் கிடைத்துவிட்டது. ஒரே அழைப்பு. வளைவு, குறுக்களவு, பவர் எல்லாம் வந்துவிட்டன. கூம்பு கொஞ்சம் மாறியிருந்ததால் அதையே திரும்பச் செய்ய முடியவில்லை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார். கடை மூடினாலும் கோப்பு உடனே அழியக் கூடாது. ஆப்டோமெட்ரிஸ்டுகள் பதிவு செய்திருக்கும் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற இந்நாட்டு மருத்துவத் தொழில் கவுன்சிலின் விதிப்படி, நோயாளி கடைசியாக வந்ததிலிருந்து குறைந்தது 6 வருடம் வைத்திருக்க வேண்டும். நம்முடைய பதிவுகளைக் கேட்டு வாங்க 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை, உங்களுக்குப் படலாம். மிச்சமிருக்கும் லென்ஸை அளந்து அதே மாதிரி செய்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வருடக்கணக்கில் போட்ட லென்ஸ் சற்றே வளைந்து போயிருக்கும், அளந்தால் ஆர்டர் செய்த எண் வராது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அதை நம்பலாம்.

அவர் செய்து கொடுத்த முதல் லென்ஸில் விளிம்பு கொஞ்சம் இறுக்கம், லேப் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பிறகு வந்தது அருமை. ஆனால் ஹார்ட் லென்ஸைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டால் இமை பழக்கத்தை மறந்துவிடும். முதல் நாள் நாலு மணி நேரம், பிறகு தினமும் ஒன்றிரண்டு மணி கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். முதல் சில நாள் தலையைத் தூக்கினால் உறுத்தும், கீழே பார்த்தால் சுகமாக இருக்கும், அது இயல்பு. வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை மூன்றும் சேர்ந்து வந்தால் இயல்பு இல்லை, கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்திய மருத்துவக் காப்பீடு, அதன் கதை சுருக்கமாக. கான்டாக்ட் லென்ஸ் என்றதும் அழகுக்குப் போடுவது என்று எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கான சின்னத் தொகையிலிருந்து மட்டும் கொடுத்து மீதியை மறுத்துவிட்டார்கள். பில்லில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு பொதுவான பார்வைக் குறைபாட்டுக்கானதாகப் போட்டிருந்தது. கெரட்டோகோனஸுக்கு H18.6. அந்தக் குறியீட்டோடு, கண்ணாடியால் பார்வை எவ்வளவு, லென்ஸால் எவ்வளவு என்று எண்கள் எழுதி, டோப்போகிராஃபி படத்தையும் வைத்து லென்ஸ் ஏன் தேவை என்று விளக்கும் ஒரு மோட்டிவேஷன் கடிதம் மருத்துவரிடம் வாங்கி அனுப்பினோம். இரண்டாவது லென்ஸின் செலவில் பாதிக்குமேல் வந்தது. மாலில் போன 5,100 போனதுதான். பணம் கட்டுவதற்கு முன்பே முன்அனுமதி கேட்டால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக் கை கழுவினோம். ஹார்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், எனக்கும் மதுரையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வேண்டாம். சுத்தமாகத் தெரியும் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற கிருமி இருக்கலாம், கருவிழிக்குள் புகுந்தால் பார்வையையே எடுத்துவிடும். தேங்கிய டிரம் தண்ணீர் அதைவிட மோசம். சோப்புப் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். அலசுவதற்குப் பாட்டிலில் வரும் சலைன் (உப்புக் கரைசல்). பெட்டியில் மிச்சமிருக்கும் சொல்யூஷன்மேல் புதிதை ஊற்றாமல், கொட்டிவிட்டு ஊற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வகை வாங்கினால் அதன் பிளாட்டினம் தட்டு உள்ள பெட்டியில் 6 மணி நேரம் ஊறிய பிறகுதான் கண்ணில் போடலாம், முன்னால் போட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். நம் சமையலறைக்கு ஒன்று: பச்சை மிளகாய் நறுக்கினால் சோப்பு மட்டும் போதாது. முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்பு போடுங்கள், காரம் எண்ணெயில்தான் கரையும். காலையில் சமையலுக்கு முன்பே லென்ஸ் போட்டுவிடுவது அதைவிட நல்லது.

இப்போது இடதுக்கு ஒரு உபரி லென்ஸ் இருக்கிறது. இரண்டும் ஒரே நீலமாக இருந்தால் மாறிப்போகும் என்று, இந்தத் தடவை வலதுக்குப் பச்சை, இடதுக்கு நீலம் என்று சொல்லி வாங்கினேன். நல்ல லென்ஸ்கூட ஒன்றிரண்டு வருடத்தில் கீறலும் புரதப் படிவும் சேர்ந்து மங்கும், சிலவற்றை லேபில் மெருகேற்றித் தருவார்கள், மேல்பூச்சு உள்ளதை முடியாது. அடுத்தது வலதின் முறை. அதற்கு ஜனவரி இரண்டாவது வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து லேப்கள் மூடிவிடுகின்றன, என் மெடிக்கல் எய்டில் கண்ணுக்கான தொகையும் ஜனவரியில்தான் புதிதாகத் தொடங்குகிறது.